கை படாமல் நாலு ரத வீதி

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வண்ணார்பேட்டையில் வண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் உனக்குப் பேச்சே வராது, தாளில் மட்டும் எப்படி வரும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி எழுத வேறு யாரும் முன்வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

அவரை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஒரு வேனுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் ஊசி என் விரலில் இறங்கி ஒடிந்துவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் உதவி செய்கிறேன் என்று குறடால் பிடுங்கப் பார்த்து, வெளியே தெரிந்த நுனியும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என் கையை ஒரு கிண்ணத்து வெந்நீரில் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். வலி தாங்கவில்லை. திரும்பி வந்ததும், "சிஸ்டர், சட்டுனு இழுத்துப் போட்டுருங்க" என்றேன்.

"இழுத்துத்தான இப்படி ஆயிருக்கு? பைய எடுப்போம். காலையில என்ன சாப்ட்ட?"

"இட்லி."

"தொட்டுக்க?"

மிளகாய்ப்பொடியா சட்னியா என்று நான் யோசித்துச் சொல்வதற்குள் ஊசித் துண்டு தட்டில் கிடந்தது.

பைய என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தான். மெதுவாக, பதமாக என்று அர்த்தம். ஆனால் சிஸ்டருக்கு அது சுபாவம். அவர் எதையும் பலம் கொண்டு இழுத்தோ, தட்டியோ, உடைத்தோ நான் பார்த்ததில்லை. காயத்தோடு ஒட்டிய கட்டை நனைத்து நனைத்துத்தான் பிரிப்பார். "ஒட்டினத இழுத்தா தோலும் சேந்துல்லா வரும்" என்பார். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டால் வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். பஸ்ஸில் ஏறும்போதும் அப்படித்தான். எல்லோரும் இடித்து ஏறிய பிறகு கடைசியாக ஏறுவார். பல நாள் பஸ் போய்விடும்.

இந்தக் குணத்தால் அவருக்கு நஷ்டமும் உண்டு. கல்யாணம் ஆகாதவர். அதை ஒரு நாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தர் பொண்ணு பாக்க வந்தாரு. நல்ல மனுசன்தான். யோசிச்சுச் சொல்லுதேன்னேன். பைய யோசிச்சேன். சரின்னு சொல்லலாம்னு நான் முடிவு பண்ணையில அவருக்கு ரெண்டாவது பிள்ளைக்குக் காது குத்து."

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் யூனிஃபார்மோடு என் கடைக்கு வந்தார். என் விரலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, பழைய காருக்கு சீட்டு தைப்பியா? ரொம்பப் பழசு."

டவுனில் கீழ ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவர்கள் வீடு. ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த சைவக் குடும்பம். அப்போது வீட்டில் அவரும் அவருடைய அண்ணன் குடும்பமும்தான். பின்பக்கம் ஓடு போட்ட ஒரு ஷெட். கதவைத் திறந்ததும் கோழி ஒன்று கார் ஜன்னல் வழியாகப் பறந்து வெளியே வந்தது.

அவ்வளவு பெரிய மூக்குள்ள காரை நான் அதுவரை பார்த்ததில்லை. அமெரிக்கக் கார். உருண்ட முதுகு, சக்கரத்துக்கு மேல் தவளைக் கன்னம் போன்ற மட்கார்டு, அதன் மேல் உட்கார்ந்த விளக்கு. மூக்கில் இருந்த பெயர்த் தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பெயர் எல்லோருக்கும் மறந்து, வீட்டில் பிளசர் என்றே சொன்னார்கள். பழைய ஆட்கள் எல்லாக் காரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்த கார் அது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது துரை இதன் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் வண்டியை மலைக்கும் கீழுக்கும் ஓட்டியிருக்கிறார். அடுப்பைக் கட்டிய ஓட்டைகள் ஆறு இன்னும் பின்னால் இருந்தன. துரை ஊருக்குத் திரும்பும்போது சிஸ்டரின் அப்பா வாங்கினார். அமாவாசை தவறாமல் பாபநாசத்துக்குக் குளிக்கப் போக அதுதான் வண்டி. அப்பா இறந்த வருஷம் ஷெட்டில் ஏறியது. இருபது வருஷத்துக்கு மேல் இறங்கவில்லை.

அண்ணன் நல்லவர்தான், கை மட்டும் பொறுக்காது. ரேடியோ பாடவில்லை என்றால் தலையில் தட்டுவார். பாகப் பிரிவினையில் ஷெட் இருந்த இடம் அவருக்கு, கார் தங்கச்சிக்கு என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்த இடத்தை ஒரு கடைக்காரருக்கு விற்கப் பேசிவிட்டார்.

"அந்தச் சவத்த இரும்புக் கடைக்குப் போட்டுத் தொலைப்போம்" என்றார்.

"சவம்னு சொல்லாதீய அண்ணாச்சி" என்று சிஸ்டர் சொன்னாராம். "ஆஸ்பத்திரியில எத்தனையோ பாத்திருக்கேன். இது அது இல்ல."

ஒரு நாள் அவர் டூட்டிக்குப் போயிருந்தபோது அண்ணன் இரும்புக் கடை ஆட்களை வரவழைத்து, முதலில் சக்கரங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார். வலது பக்கச் சக்கரங்கள் கழன்றன. இடது முன் சக்கரத்தின் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்கினார்கள். படார் என்று தலை ஒடிந்தது. அடுத்ததையும் அப்படியே ஒடித்தார்கள். "அண்ணாச்சி, இது சென்மத்துக்கும் கழறாது. கேஸ் வச்சு வெட்டத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சீட்டுக்கு அளவெடுக்க நான் போனது அன்று சாயங்காலம்தான். சிஸ்டர் வெள்ளை யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. ஒடியாத மூன்று போல்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து செதுக்கியிருந்தது.

"தம்பி, இது எல்தான?"

"எல்தான் சிஸ்டர்." அவ்வளவு எனக்குத் தெரியும்.

"அந்தப் பக்கத்துல இது இல்லையே" என்றார். எழுந்து போய் வலது பக்கப் போல்டுகளை மறுபடியும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஒரு வாரம், டூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் ஊசி போடுகிற கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து, ஒவ்வொரு போல்டின் இடுக்கிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். அண்ணன் பார்த்துவிட்டு, "காருக்குப் பெனிசிலின் போடுதியாக்கும்" என்றார்.

எட்டாம் நாள் ஒரு சின்ன ஸ்பேனரை வைத்தார். வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் லேசாக அழுத்தினார். வரவில்லை. மற்றப் பக்கம், அதாவது நாமெல்லாம் முடுக்குகிற பக்கம், லேசாக அழுத்தினார். கிரீச் என்று ஒரு சத்தம். போல்ட் அசைந்து, சுற்றி, அவர் கையில் வந்தது.

அந்த எல்லுக்கு இடது என்று அர்த்தம்; அந்தக் காரில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மறை, அதாவது போல்டின் திருகு, திசை மாறி இருந்தது. ஓடும்போது தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். குழாய் மாட்டித் தொங்கிய இருவரும் கழற்றவில்லை. உயிரைக் கொடுத்து முடுக்கியிருக்கிறார்கள்!

உள்ளே தங்கிவிட்ட இரண்டு துண்டுகளையும் சிஸ்டர் ஒரு சின்ன உளியால் ஓரத்தில் லேசாகத் தட்டித் தட்டி மூன்று நாளில் எடுத்தார். புதுப் போல்ட் செய்யப் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனோம். பாய் முப்பது வருஷக் கைப்பழக்கத்தில் நேர் மறை போட்டுக் கொடுத்துவிட்டார். மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரும்பக் கொண்டு போனதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! சொல்லித்தானம்மா குடுத்தீங்க. கை கேக்க மாட்டேங்குது."

"பரவால்ல பாய். பைய செய்ங்க."

பாய் அந்த வார்த்தையில் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறு போல்ட் செய்து கொடுத்ததோடு காரைப் பார்க்கவும் வந்தார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடித்து நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவார்.

சக்கரம் கழன்ற செய்தி அண்ணனுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடியிருந்த ஒரு விசேஷ வீட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டார்: "சக்கரத்தக் கழட்டிட்டா ஆச்சா? சித்திரை முடிய எடத்தக் காலி பண்ணணும். அதுக்குள்ள இந்தப் பிளசர் நம்ம நெல்லையப்பர் தேரு மாதிரி நாலு ரத வீதியும் சுத்தி வரட்டும். எவன் கையும் படாம, தன் வலுவுல வரட்டும். வந்துட்டா நான் வாயத் தொறக்கல. ஒருத்தன் கை வச்சுத் தள்ளினாலும் அங்கனயிருந்தே இரும்புக் கடைக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் சிஸ்டர். அவர் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று பாய் சொல்வார்.

தையிலிருந்து சித்திரை வரை நான்கு மாதம். பாய் எஞ்சினைப் பார்த்தார். பிஸ்டன் உள்ளே ஒட்டியிருந்தது. அடித்து இறக்கலாம் என்றார். சிஸ்டர் மறுபடியும் சிரிஞ்சை எடுத்தார். பதினாறு நாள் எண்ணெய் குடித்த பிறகு எஞ்சின் கைக்குச் சுற்றியது. டயருக்கு ஜீப் டயர் சரியாகப் பொருந்திவிட்டது. பின்னால் இருந்த ஆறு ஓட்டைகளையும் பற்றவைத்து அடைக்கட்டுமா என்று பாய் கேட்டார். "வேண்டாம் பாய். தழும்பு இருந்துட்டுப் போகட்டும். பட்டது பட்டதுதான" என்றார்.

சீட் என் வேலை. நான் ஒரு தப்புச் செய்தேன். பழைய தோல் உறையைக் கவனமாகப் பிரித்தால்தான் அதை வைத்துப் புதிதை வெட்ட முடியும். அவசரத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். முழுதாகக் கிழிந்துவிட்டது. சிஸ்டர் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்துக்கு அவர் நாலு அடி அடித்திருக்கலாம். பிறகு நான் துண்டு துண்டாக ஒட்டு வைத்துத் தரையில் பரப்பி அளவெடுத்தேன். அப்போது ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு கரித் துண்டு கிடைத்தது. துரை காலத்துக் கரி. கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் குடும்பத்து ஆளுதான்" என்று சிரித்தார். அதிலிருந்து பேச ஆரம்பித்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடியது. புகை ஷெட்டை நிறைத்து, பாய் இருமி இருமிச் சிரித்தார். ஆனால் ஒரு குறை. பத்து நிமிஷம் ஓடிச் சூடானால் நின்றுவிடும். வெயிலில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, குளிர்ந்தால்தான் மறுபடி வரும் என்றார் பாய். அதோடு பேட்டரியும் சின்னது. நாலைந்து தடவை செல்ஃப் போட்டால் படுத்துவிடும்.

சித்திரைக் கடைசி ஞாயிறு காலை பத்து மணி. சிஸ்டர் நீல நிறச் சேலை கட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூலில் தன் வயதில் பாதி வயசுப் பையன்களோடு கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் காலடியில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு துண்டும்.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"காய்ச்சக்காரனல்லா கூட்டிட்டுப் போறோம்."

வண்டி தானாக ஷெட்டை விட்டு வெளியே வந்தது. சந்தில் இருந்த பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கீழ ரத வீதியில் ஏறியதும் கடைக்காரர்கள் வேலையை விட்டு எழுந்தார்கள். ஒருவர் கத்தினார்: "ஏலே, தேரு ஆனியிலதான ஓடும்? இந்த வருசம் சித்திரையிலயே வந்துட்டுல்லா!" அண்ணன் மொபெட்டில் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தார். பாய் சைக்கிளில். தெற்கு ரத வீதி முழுக்க நல்லபடியாக ஓடியது. அது முடிந்து மேல ரத வீதிக்குத் திரும்புகிற முக்கில், இரண்டு முறை குலுங்கி, எஞ்சின் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நின்றுபோன வண்டியைப் பார்த்தால் அவர்கள் கை சும்மா இருக்காது. வருஷா வருஷம் தேர் இழுக்கிற கைகள். தேர் திரும்பும்போது சிக்குகிற முக்கும் அதுதான். "தள்ளுங்கல!" என்று யாரோ சொன்ன கணத்தில் இரண்டு பக்கத்துக் கடைகளிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன்.

நான் எப்படிக் கதவைத் திறந்தேன், எப்படிப் பின்னால் போனேன் என்று தெரியவில்லை. காருக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"யாரும் தொடாதீய! தொட்டா வண்டி இரும்புக் கடைக்குப் போயிரும்!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். முன்னால் நின்றவர் திகைத்துப்போனார். "என்னவே சொல்லுதீரு? உதவிக்குத்தான வாரோம்!"

"உதவி செய்யாதீங்க! கை படாம நாலு வீதி சுத்தணும்னு பந்தயம். பட்டா சிஸ்டருக்குக் கார் கிடையாது!"

"யாரு போட்ட பந்தயம்?"

நான் மொபெட்டைக் கை காட்டினேன். எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கீழே இறங்கி நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆமா. கை படக் கூடாது" என்றார், கொஞ்சம் சத்தம் குறைவாக.

அவ்வளவுதான். தள்ள வந்த கூட்டம் காவலுக்கு நின்றது! காரைச் சுற்றிக் கை கோர்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி, "தள்ளி ஓரங்கட்டுங்கய்யா" என்று கை நீட்டிக்கொண்டு வந்தார். நாலு பேர் அவரைப் பிடித்துத் தூக்கியே கொண்டுபோய்ப் படிக்கட்டில் விட்டார்கள்.

சிஸ்டர் இறங்கி பானெட்டைத் திறந்தார். துண்டை வாளியில் நனைத்து, பிழிந்து, பெட்ரோல் பம்பின் மேல் மடித்து வைத்தார். அது சூடானதும் எடுத்து அடுத்த துண்டு. காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பது போலத்தான். ஐந்து நிமிஷம் ஆனது. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், செல்ஃப அடிச்சுப் பாருங்க!"

"ஒரு ஊசி போடுங்க சிஸ்டர், எந்திச்சிரும்!"

"வாய் பேசுதவனுக்குத்தான் முதல் ஊசி" என்றார், திரும்பாமலே. பாய் என் காதில், "பேட்டரி இன்னும் ரெண்டு தடவைக்குத்தான் தாங்கும்" என்றார். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துண்டை மாற்றினார். பத்து நிமிஷம். பதினைந்து. பம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பானெட்டை மூடினார். உட்கார்ந்தார்.

முதல் தடவை உறுமி அடங்கியது. அவர் உடனே மறுபடி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டார். இரண்டாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்போது எழுந்த சத்தத்தை நான் ஆனித் திருவிழாவில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். கை கோர்த்து நின்றவர்கள் காருக்கு முன்னால் ஓடி வழி விலக்கினார்கள். மேல ரத வீதி, வடக்கு ரத வீதி, பிறகு திரும்பி மறுபடியும் கீழ ரத வீதி. தேர் நிலைக்கு வந்து சேருகிற இடத்தருகே சிஸ்டர் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்காமல்.

அண்ணன் மொபெட்டை ஒரு கடை ஓரமாக நிறுத்திப் பூட்டினார். நேராக வந்து பின் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"பைய அண்ணாச்சி. மேல தூக்கித் திருப்பணும்."

தூக்கித் திருப்பினார். திறந்தது. ஏறி உட்கார்ந்தார். சீட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"சீட்டு நல்லாத் தச்சிருக்கான். எந்தக் கடை?"

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"முன்னால இருக்கான்லா, அவந்தான்" என்றார் சிஸ்டர்.

காரை நிறுத்த என் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை ஒழித்து வைத்திருந்தேன். அங்கே போக ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஏறும்போது அண்ணன் பின்னாலிருந்து, "ஏளா, வேகமாப் போகாத" என்றார்.

"நான் எப்ப வேகமாப் போயிருக்கேன்?" என்றார் சிஸ்டர்.

மறுநாள் திங்கட்கிழமை. சிஸ்டருக்குக் காலை டூட்டி, பஸ்ஸில் போனார். நான் ஒரு ஆட்டோவுக்கு சீட் தைத்தேன்.